முன்கைப் பச்சை

மகள் ஷெரின் முன்கையில் ‘பெரியம்மா’ என்று பச்சை குத்திக்கொண்டு வந்திருந்தாள். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா நான் என்னடி சொல்றது?” என்று கத்தித் தீர்த்துவிட்டு அப்பா வெளியே போனார். அம்மா ஜெசிந்தா களிம்பை எடுத்து வந்தாள். அவள் குவைத்தில் நர்ஸ் வேலை பார்த்த காலமெல்லாம் ஷெரினுக்குத் தலை வாரியதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும் தன் அக்காதான். அந்த நன்றி ஜெசிந்தாவுக்கு இருந்தது, இன்று காலை வரை.

எழுத்துகளைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியிருந்தது. கையை மடிக்கு இழுத்துக் களிம்பு தடவினாள். கட்டைவிரல் அந்தப் பெயரை அழுத்தித் தேய்த்தது.

“மெதுவாம்மா.” ஷெரின் சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மற்ற கையை நீட்டி, “இதுல ‘அம்மா’ன்னு போட்டுக்கட்டுமா?” என்றாள்.

“வேண்டாம், வலிக்கும்” என்றாள் ஜெசிந்தா. விரலை மட்டும் எடுக்கவில்லை.