இறுப்பிட்டியில் எவடம்?

கொழும்பிலிருந்து நயினாதீவுக்குச் சைக்கிளில் வந்த குழு மண்கும்பானில் இளைப்பாறியது. ‘சாதியை மிதிப்போம்’ என்று நெஞ்சில் எழுதிய பெனியனோடு வசீகரன், குழுவில் கூட வந்த தர்சனாவின் முன் மண்டியிட்டான்.

“என்னைக் கலியாணம் செய்வீரோ?”

“ஓம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். மோதிரத்தை விரலருகே கொண்டுபோனவன் குரலைத் தாழ்த்தினான்.

“அம்மா ஒண்டு கேக்கச் சொன்னவ. நீர் இறுப்பிட்டி ஊர்தானே. இறுப்பிட்டியில எவடம்?”

தர்சனா அவனையே பார்த்தாள். “குளத்தடிக்கு அங்கால.”

மோதிரம் பெட்டிக்குள் திரும்பியது.

“அந்தப் பக்கத்து ஆக்கள் சரிவராது எண்டு அம்மா சொன்னவ. அங்க நாங்கள் தண்ணி வென்னியும் குடிக்கிறேல்லை.”

தர்சனா சைக்கிளில் ஏறினாள்.

“நான் சொன்னது என்ர வீட்டையில்லை. உங்கட அம்மா பிறந்த வீட்டை. ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் அவ சொல்லேல்லைப் போல.”