நாற்பத்தைந்து நாள் வீடு

“ஐம்பத்தாறு வயசுல உங்களுக்கு கேம் கேக்குதா?”

அந்த அம்மா போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரன்கூட எட்டிப் பார்த்தான்.

யோங்சான் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையின் மூன்றாவது மாடியில் பதினெட்டு வருஷமாக லேப்டாப் விற்கிறேன். பிள்ளை கேமுக்குக் கேட்கும், பெற்றவர் முறைப்பார். இங்கே பெற்றவரே கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

அவர் பெயர் சாங்பே. போர்டு, பேனர் எழுதும் கடை வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் டிசைன் சாப்ட்வேரைத் திறக்கவே அரை மணி நேரம் எடுக்கிறதாம். அதனால் மனைவி யோன்சுக்குடன் வந்திருந்தார்.

“டிசைனுக்கு இதுவே தாராளம், முதலாளி. கலர் அப்படியே தெரியும். எடையும் ஒரு கிலோதான். பன்னிரண்டு லட்சம் வொன்.”

“கேம் ஓடுமா?”

“திணறும். கேமும் வேணும்னா, கிராபிக்ஸ் கார்டு போட்ட இந்தத் தடியனைத்தான் எடுக்கணும். ரெண்டரை கிலோ. இருபது லட்சம்.”

“அப்ப தடியனே இருக்கட்டும்.”

“ஹாரம் அப்பா! பிள்ளை அங்க பட்டாளத்துல குளிர்ல காவல் நிக்கிறான், இங்க இவருக்கு விளையாட்டு! கேம்ங்கற பேச்சே வீட்ல கூடாதுன்னு அவன் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரன்கிட்ட தூக்கிக் கொடுத்தது யாரு? நானா?”

சாங்பே தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா, “பக்கத்துல விலை கேட்டுட்டு வர்றேன்” என்று வெடுக்கென்று போய்விட்டார்.

விலை கூடியதை விற்றால் எனக்கு லாபம்தான். ஆனாலும் அந்த மனுஷன் மேல் எரிச்சலாக வந்தது. மகனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா?

“தம்பி, அவ வர்றதுக்குள்ள ஒரு கேமைத் திறந்து காட்டேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். கேமின் பெயரைச் சொன்னார். கேட்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் அது தடியனில் ஏற்கெனவே இருந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“பையன் பட்டாளத்துக்குக் கிளம்பற அன்னிக்கு மேஜையில ஒட்டிட்டுப் போனான். படிச்சுப் பாரு.”

‘நாற்பத்தைந்து நாள் யாரும் போகாவிட்டால் என் வீட்டை இடித்துவிடுவார்கள். யாராவது அப்பப்போ உள்ளே எட்டிப் பாருங்கள்.’ கீழே பெயரும் பாஸ்வேர்டும்.

“இந்தக் கேமுக்குள்ள நாலு வருஷமா கட்டின வீடாம். அவங்கம்மா முன்னாடியே விழுந்து விழுந்து சிரிச்சேன். ‘காத்துல வீடு கட்றான் பாரு உன் பிள்ளை’ன்னு. அப்புறம் அவன் இல்லாத ரூமைப் பார்க்கப் பார்க்க...” ஸ்டூலைத் திரைப் பக்கம் நகர்த்தினார். “கடை கம்ப்யூட்டர்ல இது ஏறல. கேம் சென்டர்ல போய் உக்காந்தா தெருவே சிரிக்கும். தள்ளிப் போட்டுட்டேன். அவன் போய் இன்னியோட அறுபத்திரண்டு நாள்.”

“இடிச்சிருப்பாங்களே, முதலாளி.”

“இடிச்சிருந்தா நான் கட்டறேன். அடுத்த மாசம் முதல் லீவுல வர்றான். புதன்கிழமையானா அவ பொதுக் குளியல் கூடத்துக்குன்னு ரெண்டு மணி நேரம் போவா. அப்பக் கொஞ்சம் கொஞ்சமா கட்டிர மாட்டேனா? ஆயிரம் கடைக்குப் போர்டு மாட்டின கை தம்பி இது!”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காகிதத்திலிருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் ஒவ்வோர் எழுத்தாக அடித்துக் கொடுத்தேன்.

திரையில் மெல்ல விடிந்தது. பனி மூட்டம், அதன் நடுவே ஒரு மண் பாதை, ஓரத்தில் ஆரஞ்சு நிறப் பழங்கள் தொங்கும் சீமைப் பனிச்சை மரங்கள். எங்கேயோ கடல். அது கடல் சத்தமா, வெளியே பெய்யும் மழையா என்று எனக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவர் நடந்தார். அவசரமே இல்லை. ஓர் இலை உதிர்ந்தால்கூட நின்று பார்த்தார். திரை வெளிச்சம் அவர் கன்னத்தில் நீலமாக விழுந்தது.

“இங்கதான் சுத்திக்கிட்டு இருந்தானா...” என்றார், தூக்கத்தில் பேசுவதைப் போல.

பாதை திரும்பும் இடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“நீ பாரு தம்பி. இருக்கா?”

“இருக்கு முதலாளி.”

கண்ணைத் திறந்தார். ஓட்டுக் கூரை போட்ட சின்ன வீடு. ஜன்னலில் விளக்கு எரிந்தது. வாசலுக்கு மேலே ஒரு போர்டு. பச்சை எழுத்தில், ‘சாங்பே போர்டு கடை’.

“என் கையெழுத்து” என்றார். “கோணல்கூட மாறாம எழுதியிருக்கான் படுபாவி.” விரலால் அந்த எழுத்தைத் திரையில் தடவிக்கொண்டே இருந்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

படியோரம் வரிசையாகப் பூச்செடிகள். எல்லாம் தளதளவென்று இருந்தன.

“இத்தனை நாளா யாருமே வரல. செடி எப்படித் தம்பி வாடாம இருக்கு?”

எனக்கும் விளங்கவில்லை. செடிக்குப் பக்கத்தில் ஒரு பூவாளி கிடந்தது. தப்பும் தவறுமாகத் தட்டி, ஒரு வழியாக அதைத் தூக்கிவிட்டார்.

அப்போதுதான் பின்னால் யோன்சுக் நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தாரோ தெரியவில்லை. போச்சு, இன்றைக்கு வியாபாரமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

சாங்பே பதறிப்போய் கேமை எப்படி மூடுவது என்று தெரியாமல் தடுமாறினார். “இல்ல... கலர் சரியா தெரியுதான்னு...”

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கணவரின் தோளில் கையை ஊன்றித் திரையைக் குனிந்து பார்த்தார்.

“தண்ணி ஊத்திடாதீங்க, அழுகிடும். நேத்து குளிக்கப் போறேன்னு கேம் சென்டருக்குப் போனப்பவே ஊத்திட்டேன்.”