மார்ச் மாதத்து மதிப்பெண்

மார்ச்சுக்கு நேரே இருந்த கட்டத்தில் அவள் டிக் போட்டாள்.

"ஐயோ, அது வேணாம்மா" என்றார் ஆலோசகர்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைப்பது அவர் தொழில். அண்ணா நகரில் ஏசி அறை. சுவர் முழுக்க, கல் கட்டடங்களின் முன்னால் பல்லைக் காட்டும் பிள்ளைகள். அவர் அமெரிக்கா போனதில்லை. அங்கே யாருக்கு என்ன பிடிக்கும் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி.

அங்கே சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை அவள் மூன்று முறை எழுதியிருந்தாள். மார்ச், மே, ஆகஸ்ட். எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பது எழுதியவர் விருப்பம். மேயில் கணக்கு நன்றாக வந்திருந்தது. ஆகஸ்டில் ஆங்கிலம். இரண்டிலும் நல்லதை மட்டும் எடுத்து ஒட்டினால் 1600-க்கு 1530.

அந்த 1530 வாங்கிய ஒருத்தி எந்தத் தேர்வு அறையிலும் உட்கார்ந்ததில்லை. அப்பாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

மார்ச்சில் கணக்கு 800-க்கு 560.

"அத ஏம்மா காட்டிக்கிட்டு? தலைமுழுகிடு."

அவள் டிக்கை எடுக்கவில்லை. மவுஸ் அவள் கையில் இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அவங்கம்மா தவறி ஒன்பதாம் நாள் சார் அது. காரியம்கூட முடியல. பரீட்சைய வீணாக்க வேணாம்னு நான்தான் கூட்டிட்டுப் போய் விட்டேன்."

அன்று பன்னிரண்டு கேள்விகளை அவள் தொடவே இல்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் அம்மா பேச்சை எடுப்பதில்லை. கோச்சிங், மாதிரித் தேர்வு, மறுபடி கோச்சிங். அம்மா போனதை ஒளிக்காமல் சொன்னது அந்த 560 ஒன்றுதான். அதுவும் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. யாரும் காரணம் கேட்காமல் இருந்தால் போதும்.

ஆலோசகரின் முகம் மலர்ந்தது.

நிஜமாகவே மலர்ந்தது.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா சார்? கண்டிப்பா அனுப்பணும். கட்டுரையிலயும் இதையே வச்சிரலாம். அங்க இதுக்கெல்லாம் தனி மதிப்பு."

தன் மடிக்கணினியை இழுத்துக்கொண்டு அப்போதே எழுத ஆரம்பித்தார். 'நான்' என்று ஆரம்பித்தார். கூச்சமே இல்லாமல் அவளாகிவிட்டார்.

நான்கு வரி போனதும் நிறுத்தினார்.

"ஒன்பதாம் நாள்ங்கறது கொஞ்சம் ஆறிப்போன மாதிரி இருக்கு. மூணாம் நாள்னா நல்லா அழுத்தமா இருக்கும். யார் வந்து பாக்கப் போறா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். இப்போது எழுந்துவிடுவார் என்று நினைத்தாள்.

அப்பா யோசித்தார்.

"மூணுன்னே வச்சுக்கலாம் சார். அன்னிக்குத்தான் பால் ஊத்தினோம்."

ஆலோசகருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பால் எங்கே ஊற்றினீர்கள், யார் ஊற்றியது, பெண் கூட வந்தாளா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். வரவில்லை என்றதும், வந்ததாகவே போட்டுக்கொண்டார்.

அறையில் இருந்த இரண்டு பேரில் யாரை அதிகம் வெறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மார்ச்சின் டிக்கை எடுத்தாள்.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.

மேயும் ஆகஸ்டும் போயின.

அப்பா, பால் செம்பு எவ்வளவு பெரியது என்று ஆலோசகருக்குக் கையால் காட்டிக்கொண்டிருந்தார்.