தலைவர் காரில் ஒரு கீறல்

பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், வணிகர் சங்கத் தலைவரின் கறுப்புக் காரில், பானெட்டின் மேல் விளிம்பில், அரிசி மணி அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது.

காவல் நிலையத்தின் பின்முற்றத்தில் தலைவர் அந்த இடத்தைச் சுண்டுவிரலால் தடவிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. போன வாரம் கொட்டும் மழையில் இதே கார் ஒரு துப்புரவுத் தொழிலாளியை அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனது. அதற்காக அந்தக் கண் கலங்கியதாகத் தகவல் இல்லை.

"யாரு கை வச்சது?"

ஏட்டு ஓரடி முன்னால் வந்தார். தலைவர் வண்டியை எடுத்துப்போக வருகிறார், கழுவி வையுங்கள் என்று இன்ஸ்பெக்டர் அம்மா காலையில் சொல்ல, ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டுமாகக் கழுவியவர் அவர்தான்.

"நான்தாங்க ஐயா. கண்ணாடி துடைக்கலாம்னு வைப்பரைத் தூக்கினேன்..."

"தூக்கினீங்களா! இது என்ன உங்க வீட்டு ஜன்னல் கதவா, இஷ்டத்துக்குத் தூக்கறதுக்கு?"

வெளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு தலைவருடைய டிரைவரின் மனைவி நின்றிருந்தாள். "அன்னைக்கு அவரு வீட்டை விட்டே நகரலைங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. உள்ளே லாக்கப்பில் அவள் புருஷனோ, "நான்தான் ஓட்டினேன்" என்பதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. பொய் சொல்வது அவள் இல்லை என்று ஏட்டின் அனுபவம் சொன்னது. ஆனால் ஏட்டின் அனுபவத்தை யார் கேட்டார்கள்?

இன்ஸ்பெக்டர் அம்மா வெளியே வந்தார். எழுத்தரை டீக்கடைக்கு அனுப்பினார். முற்றத்துக் கதவைச் சாத்தினார். தலைவருக்குத் தன் நாற்காலியையே எடுத்துப் போட்டார்.

"கோவப்படாதீங்க சார். எங்க ஆளுங்களுக்கு ஜீப்பைக் கழுவித்தான் பழக்கம். இதை எப்படித்தான் தூக்கணும்?"

கேட்டதுதான் தாமதம், தலைவர் மேடை ஏறிவிட்டார்.

"வைப்பர் எங்க இருக்கு பாருங்க. பானெட்டுக்கு அடியில பதுங்கியிருக்கு. அழகுக்காகவும், காத்து தடுக்காம இருக்கறதுக்காகவும் அப்படி டிசைன் பண்ணியிருக்கான். அப்படியே பிடிச்சு இழுத்தா, அதோட கை விளிம்புல இடிச்சுப் பெயிண்ட் போயிடும். இங்க பாருங்க."

காருக்குள் உட்கார்ந்தார். எஞ்சினைப் போட்டு அணைத்தார். அணைத்த கையோடு ஸ்டியரிங்குக்குப் பக்கத்துக் குச்சியைத் தட்டி, அப்படியே பிடித்துக்கொண்டார். வைப்பர் இரண்டும் மெல்ல எழுந்து, கண்ணாடியின் நடுவே, கையைத் தூக்கிச் சரணடைந்தவன் மாதிரி நின்றன. தலைவர் இறங்கி வந்தார்.

"இப்பத் தூக்குங்க. குழந்தை கூடத் தூக்கலாம். அப்புறம் துணியை எடுத்தவுடனே தேய்க்கக் கூடாது. முதல்ல தண்ணியை மேலேருந்து விட்டு மண்ணை இறக்கணும். இல்லேன்னா மண்ணே உப்புத்தாள் ஆயிடும். தெரியுதா ஏட்டு?"

"தெரியுதுங்க ஐயா."

"பெரிய வித்தையா இருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர். "டிரைவருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பீங்க."

"அந்த முட்டாளுக்கா? ஒருதரம் பக்கத்துல போனான். போட்ட சத்தத்துல ஒரு வாரம் காய்ச்சலா படுத்துட்டான். வைப்பர் மேல நிழல் படக்கூடாதுன்னு உத்தரவு. இந்த வண்டியில இது என் ஒருத்தனுக்குத்தான் தெரியும் மேடம், என் ஒருத்தனுக்குத்தான்."

இன்ஸ்பெக்டர் தன் செல்போனை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். ஏட்டு கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். வண்டி கழுவும் ஷெட், மழை, கறுப்புக் கார். மழைக்கோட்டின் தொப்பிக்குள் தலையை மறைத்த ஓர் ஆள் குழாயும் கையுமாக நின்றான்.

"விபத்து நடந்த கொஞ்ச நேரத்துல எதிர்த்த டயர் கடைக் கேமரால விழுந்தது சார்."

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. "முகம் தெரியுதா?" என்றார்.

யார் முகம் என்று கேட்க ஏட்டுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"முகம் தெரியலை. வைப்பர் தெரியுது. ரெண்டும் நடுக் கண்ணாடியில நட்டுக்க நிக்குது. அதுக்கு அடியில சிக்கியிருந்த, செத்தவரோட துடைப்பக் குச்சியை அந்த ஆள் ஒண்ணொண்ணா உருவி எடுக்கறார். பானெட் விளிம்புல ஒரு கீறல் இல்லை."

தலைவர் நாற்காலியில் சரிந்தார். மேடையும் மைக்கும் எங்கோ போயின. இஸ்திரி போட்ட சட்டைக்குள் வியர்த்த ஒரு கிழவர் மட்டும் மிச்சம் இருந்தார்.

ஏட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடேயப்பா, அம்மா என்னமாய்ப் பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்கிவிட்டார்! இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு அதிகாரியிடம் வேலை பார்த்ததில்லை. கேட்டுக்கு ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் "அழாதம்மா" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. கை தானாக லாக்கப் சாவியைத் தேடியது.

"இந்தப் படம் செத்தவங்க பக்கத்து வக்கீல் கையிலயும் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "டிரைவரை வண்டியில உக்கார வச்சு, 'எங்கே, வைப்பரை நிமிர்த்திக் காட்டு'ன்னு கோர்ட்டுல கேக்கப் போறாராம்."

சொல்லிவிட்டு ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"ஏட்டய்யா, டிரைவரைக் கூட்டிட்டு வாங்க. சார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துடட்டும்."