முன்னால் போன வண்டியின் புழுதி

தேசிய கார் ராலியின் வரலாற்றில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் முதலில் வந்தார். இரண்டாவதாகத் திருமூர்த்தி வந்தார். முன்வண்டிகள் கிளப்பிய புழுதியை எல்லாம் அவர்தான் தின்றார். நெஞ்சைப் படம் எடுத்த டாக்டர், "இன்னொரு ராலி ஓட்டுனா உசுரு தங்காது" என்றார்.

எக்ஸ்ரேயில் நுரையீரல் இல்லை, ஒரு மலைப்பாதை இருந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவருக்கு வளைவு சொல்லும் மாரப்பன் அதை வெளிச்சத்தில் பிடித்தான்.

"நம்ம ரோடேதானுங்ணா. இந்தக் கொண்டை ஊசியிலதான் வருசா வருசம் நேரம் போவுது."

"நமக்கு முன்னாடி வண்டி ஏதாச்சும் போவுதாடா?"

கடைசி வளைவுக்கு அப்பால், ஏதோ வண்டி அப்போதுதான் கிளப்பிவிட்டுப் போனதுபோல் வெள்ளைப் புழுதி. மாரப்பன் படத்தை உறைக்குள் போட்டான்.

"இல்லீங்ணா. ரோடு காலியாக் கெடக்குது."

"அப்பறமென்ன? சாவியக் கொண்டா."