இன்னும் இருபது வருஷம்

“இன்னும் இருபது வருஷத்துக்கு இந்த ஒடம்பு ஓடியாடி நிக்கணும். அதுக்கு வழி சொல்லுங்க டிரெஸ்ஸர்.”

ஊசியும் மருந்தும் கொடுக்கும் டிரெஸ்ஸர் நல்லையா, ஊசியைக் கொதிநீரில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டிஸ்பென்சரி பெஞ்சில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய் மூன்று வருஷமாகிறது, பிள்ளை இல்லை. போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது, “யாருக்காக பொழைக்கணும், விடுங்க” என்று மாத்திரையைத் துப்பியவள் இவள்தான்.

“இருபது வருஷமா? என்னக்கா, திடீர்னு?”

“சிரிக்காதீங்க. நெசமாத்தான் கேக்குறேன். பாசார்ல ஒருத்தன் கெழவியைக் கொமரியாக்குற லேகியம்னு விக்கிறானே, அதை வாங்கட்டுமா?”

“அவன் தலையே நரைச்சுக் கெடக்கு, பாக்கலையா? வயசை நிறுத்துற மருந்து எவன்கிட்டயும் இல்ல. ஒடம்பைக் கெடுக்காம வச்சுக்கலாம், அவ்வளவுதான்.”

“அதைச் சொல்லுங்க.”

“மொதல்ல அந்த வெத்தலை, பொகையிலையைத் துப்புங்க.”

எழுந்து போய் வாசலில் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். நல்லையாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. டின்பால் ஊற்றி நாளைக்கு ஏழெட்டுத் தேத்தண்ணி குடிப்பதை விடச் சொன்னார். முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி, நெத்திலியை முள்ளோடு. காலையில் ஒரு மணி நேரம் வேகமான நடை. முட்டி வலிக்கு எண்ணெய் தேய்ப்பது இருக்கட்டும், முதலில் எடை குறைய வேண்டும். கடைசியாக ஒரு பாட்டில் மீன் எண்ணெயை எடுத்துக் கொடுத்தார்.

“தெனம் ஒரு கரண்டி. கொமட்டும்.”

“கொமட்டட்டும்” என்றாள் பூங்காவனம்.

பத்தாம் நாள் வந்தாள். கண் சிவந்திருந்தது. பொகையிலை இல்லாமல் மண்டை வெடிக்கிறதாம். மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லையாம்.

“ஒரேடியா விட முடியலைன்னா, ஒரு சின்னத் துண்டு மட்டும்…” என்று நல்லையா இழுத்தார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “வேணாம். இன்னைக்குத் துண்டும்பேன், நாளைக்கு முழுசும்பேன்” என்று எழுந்து போய்விட்டாள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கும் மெர்டேக்கா நாள் நெருங்கியது. கடைத்தெருவில் எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. காஜா பெராங் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் பூங்காவனத்தைப் பற்றிப் பேசவே நேரம் சரியாக இருந்தது.

“ஆளே மாறிட்டா, பாத்தீங்களா?” என்றாள் நல்லையாவின் மனைவி விஜயா, சோறு போட்டுக்கொண்டே. “இடுப்பு இளைச்சுருக்கு. தலைக்கு எண்ணெய் வச்சு வழிச்சு வாரிக்கிறா. விடிஞ்சும் விடியாம சீனத் தோட்டம் பக்கமா நடை. அந்தத் தியாகுவும் அந்தப் பக்கந்தான் நடக்குறாராம். அவருக்கும் பொண்டாட்டி இல்ல.”

“நடக்கச் சொன்னது நான்தான்.”

“நடக்கத்தான் சொன்னீங்க. பல்லைக் காட்டிச் சிரிக்கவுமா சொன்னீங்க?”

நல்லையாவுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம் இருந்தது. இருந்தால்தான் என்ன என்றும் தோன்றியது. ஆனாலும் அவளைப் பற்றி ஊர் வாய் திறந்ததற்குத் தானும் ஒரு காரணமோ என்று உறுத்தியது.

மறு வாரம், காலை பசியாறிவிட்டு அவர் டிஸ்பென்சரியைத் திறக்கும்போதே, பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார் சேதுராமன். பூங்காவனத்தின் அண்ணன்.

“நாட்டுக்கு மெர்டேக்கா வருதுன்னா, என் தங்கச்சிக்கும் வந்துருச்சான்னு கேக்குறானுங்க, டிரெஸ்ஸர். வெளிய தலை காட்ட முடியல. நீங்கதான் மருந்து குடுத்துக் கொமரியாக்குறீங்களாமே?”

“மருந்தில்லைங்க, மீன் எண்ணெய்.”

“எதுவோ ஒண்ணு. வாங்க, ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம்.”

போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் எட்டிப் பார்த்து, “இன்னும் நடந்து முடியலை போல” என்று ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சேதுராமனுக்கு முகம் கறுத்தது.

கால் மணி நேரம் கழித்து, சந்து முனையில் பூங்காவனம் வந்தாள். மூச்சு வாங்கவில்லை; நடையில் தளர்ச்சி இல்லை. மார்போடு ஒரு துணி மூட்டையை அணைத்திருந்தாள். கீரையோ கிழங்கோ வாங்கி வருகிறாள் என்று நல்லையா நினைத்துக்கொண்டார்.

“எங்கடி போயிட்டு வர்றே?” அண்ணன் குரல் சந்து முழுக்கக் கேட்டது. “யாருக்காகடி இந்த வயசுல இத்தனை கூத்து? இப்பவே சொல்லு!”

“சத்தம் போடாதீங்க அண்ணே, முழிச்சுக்கப் போகுது.”

துணியை மெல்ல விலக்கினாள். பிறந்து ஆறு நாள் ஆன சீனக் குழந்தை ஒன்று, கண்ணை இடுக்கிக்கொண்டு தூங்கியது.

“தோட்டத்துச் சீனம்மாவுக்கு ஏற்கெனவே ஆறு பொண்ணு. ஏழாவதும் பொண்ணாப் பொறந்தா எனக்கே தர்றேன்னா. ஆனா, ‘நீ கெழவியாச்சே, பாதியில போய்ச் சேந்துட்டா இதுக்கு யாரு?’ன்னு கேட்டா. அவ கையைப் புடிச்சுச் சொல்லிட்டேன் அண்ணே, இவளை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்குற வரைக்கும் நான் சாவ மாட்டேன்னு.”