மருந்துக்கடைக்காரர்தானே கொலைகாரர்?

“எனக்கு நேரமில்லடா டேல். கொலைகாரன் யாருன்னு சொல்லிடு.”

ஆர்வில் மூச்சு வாங்கிக்கொண்டே மகனிடம் கேட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

“டேய், வாயைத் திறந்தே, நடக்கிறதே வேற!” என்று கத்தினாள் மகள் லோர்னா.

கொலை நடந்தது கதையில். மூன்று வாரமாக முன்னறையில், அவருடைய கட்டில் பக்கத்தில், சின்ன ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த ஒலிப்புத்தகம் அது. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வுபெற்ற டிபெட் அம்மாள் துப்பறிகிறாள். யார் வீட்டுக்கு விசாரிக்கப் போனாலும் முதலில் கேக்கைத் தின்றுவிட்டுத்தான் கேள்வி. கிழவி, பாதிரியார், கிழவி வளர்க்கும் கிளி, எல்லாருக்கும் ஒரே ஆள்தான் குரல். கிளி பேசினால் ஆர்வில் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். இருமல் அடங்கியதும், “அந்த இடத்தைத் திரும்பப் போடும்மா” என்பார்.

நுரையீரல் முழுக்கப் புற்றுநோய். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

லோர்னா வேளைக்குக் கொஞ்சமாகத்தான் கதையைப் போடுவாள். முடிவு தெரியாமல் அப்பா போகமாட்டார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பைத்தியக்கார நம்பிக்கைதான். வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

தம்பி இன்று காலைதான் வந்து இறங்கினான். கால்கரியிலிருந்து இங்கே ரெஜைனாவுக்குக் காரில் ஒரு நாள். துரைக்கு அதற்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அதுவரை அப்பாவைத் தூக்கியது, துடைத்தது, துணி மாற்றியது எல்லாம் அவள் ஒருத்திதான்.

“நீ முழுசாக் கேட்டுட்டியாடா?” என்றார் ஆர்வில்.

“வர்ற வழியெல்லாம் அதுதான்பா. முடிச்சுட்டுத்தான் கதவைத் தட்டினேன்.”

“அப்ப சொல்லு.”

“அக்கா கொன்னுடுவா.”

“அவ கிடக்கா. நானே சொல்றேன். அந்த மருந்துக்கடைக்காரன்தானே? எப்பப் பாரு இளிச்சுக்கிட்டே இருக்கான்.”

அந்த வீட்டில் இது பழைய பந்தயம். கோடையில் ஏரிக்குப் போகும்போது காரில் கேசட் போட்டுத் துப்பறியும் கதை கேட்பார்கள். பாதியில் நிறுத்தி, கொலைகாரன் யாரென்று ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். தோற்றவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். முடிவு தெரிந்தவர் மூச்சு விடக்கூடாது.

அப்பா ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. “உங்கப்பா ஒருத்தனைக் கை காட்டிட்டா, அவன் நிரபராதின்னு தைரியமா விட்டுடலாம்” என்பாள் அம்மா. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

டேல் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேண்டாம்டா,” என்றாள் லோர்னா. இப்போது அவள் கத்தவில்லை, கெஞ்சினாள்.

“நீங்க சொன்னதுதான்பா. மருந்துக்கடைக்காரன்தான்.”

ஆர்வில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“நிஜமாவா?”

“சத்தியமாப்பா.”

அவர் சிரித்தார். இருமல் வந்தும் விடாமல் சிரித்தார்.

“கேட்டியா லோர்னா! ஜெயிச்சுட்டேன்! இன்னைக்குப் பாத்திரம் நீங்க ரெண்டு பேரும்தான்!”

“மீதியைப் போடட்டுமாப்பா?”

“வேண்டாம்மா. அதான் தெரிஞ்சுபோச்சே. கொஞ்சம் தூங்குறேன்.”

அன்று மாலை, தூக்கத்திலேயே போய்விட்டார்.

“திருப்தியாடா?” என்றாள் லோர்னா, போர்வையை இழுத்து மூடிவிட்டு. “அந்த முடிவுக்காகத்தான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தார். இன்னும் ரெண்டு நாளாவது என்கூட இருந்திருப்பார். ஒரே வார்த்தையில அனுப்பி வெச்சுட்டியே, பாவி.”

டேல் குனிந்து ஆக்சிஜன் மெஷினை நிறுத்தினான். எதிர்த்துப் பேசியிருந்தாலாவது அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் சாண்ட்விச்சும் காப்பியும் சாப்பிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தம்பி முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் லோர்னா முன்னறைக்கு வந்து வெறுங்கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஆக்சிஜன் மெஷின் சத்தம் இல்லாத வீடு தாங்க முடியவில்லை. நாளைக் காலையில் யாருக்காக எழுந்திருப்பது?

ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பா முதலும் கடைசியுமாக ஜெயித்ததை, அவருக்குப் பதிலாகத் தானாவது காதால் கேட்போம் என்று தோன்றியது. விட்ட இடத்திலிருந்து போட்டாள்.

கதவு கிறீச்சிடும் சத்தம். கிளி அலறியது.

“ஐயையோ, மருந்துக்கடைக்காரரையும் கொன்னுட்டானே பாவி!” என்றாள் டிபெட் அம்மாள். “நேத்து வரைக்கும் சிரிச்சிட்டு இருந்த மனுஷன்!”

லோர்னா அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிறகு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

குவிந்து கிடந்த பாத்திரங்களை டேல் ஒற்றை ஆளாகக் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“நகருடா,” என்றாள். “அப்பா ரெண்டு பேரையும்தானே கழுவச் சொன்னார்.”